கல்யாணப் பெண்ணின் எடையும் நம் வீட்டுச் சாப்பாடும்

கண்டனூர் அத்தை

எல்லோருக்கும் வணக்கம். அண்ணன் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். வயது 22. நிச்சயத்தின்போது மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "பெண் கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறாள்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் அதைப் பாராட்டு என்றுதான் நினைத்தோம். அவள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஆடியில் தொடங்கி இந்த ஐப்பசிக்குள் [எடை எண்கள் நீக்கப்பட்டன – மட்டுறுத்துநர்] குறைத்துவிட்டாள். இன்னும் குறைய வேண்டும் என்கிறாள். அப்பத்தாவுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். "இப்போதுதான் கண்ணுக்கு லட்சணமாக இருக்கிறாள்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்கிறார்கள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. காலையில் ஒரு இட்லி, மதியம் வெள்ளரிக்காய், இரவு மோர், அவ்வளவுதான். இப்படிப் பட்டினி கிடப்பதற்குப் பதிலாக நம் வீட்டுச் சாப்பாட்டிலேயே எதைக் குறைத்தால் உடம்பு கெடாமல் எடை குறையும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புதுவயல் ஆலைக்காரன்

எல்லோரும் அரிசியின் தலையில்தான் பழியைப் போடப்போகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்கு முன் நான் பேசிவிடுகிறேன். எங்கள் ஐயா மூன்று வேளையும் சோறுதான் சாப்பிட்டார்கள். கடைசிவரை ஒட்டிய வயிறு. கோட்டையூருக்கும் காரைக்குடிக்கும் நடந்தே போய் வருவார்கள். அதே சோற்றை நான் சாப்பிடுகிறேன், ஆலையில் கல்லாவை விட்டு எழுந்திருப்பதில்லை, வேட்டியை இறுக்கிக் கட்ட முடியவில்லை. அரிசி என்ன செய்யும் பாவம்?

குறைமாவு வீரன்

அத்தை, சோற்றை அடியோடு நிறுத்தச் சொல்லுங்கள். மாவுச்சத்துதான் எல்லாவற்றுக்கும் வேர். நம் ஊரில் கோழிக்கும் நண்டுக்கும் முட்டைக்கும் என்ன குறைச்சல்? காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு நாளுக்குப் பதினாறு மணி நேரம் வயிற்றைக் காயப்போட்டால் தானாகக் கரையும். எனக்குப் பலித்தது. சாட்சி வேண்டுமென்றால் பழைய சட்டைகள் பீரோவில் இருக்கின்றன. என் எண்களையும் எழுதியிருந்தேன், அதை ஏன் நீக்கினார்கள் என்று தெரியவில்லை.

மட்டுறுத்துநர்

யாருடைய எடையையும் ஒரு நாளைக்கு எவ்வளவு குறைவாகச் சாப்பிட்டார் என்ற கணக்கையும் இங்கே வைத்திருக்க மாட்டோம். படிக்கிறவர்களில் சிலர் அதைப் போட்டியாக எடுத்துக்கொள்கிறார்கள். மருத்துவ நூல்களில் உள்ள பொது அளவுகளுக்குத் தடையில்லை.

உணவியலாளர், காரைக்குடி

வீரன் தம்பிக்குப் பலித்திருக்கலாம். ஆனால் அவர் நாற்பதைத் தாண்டியவர், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று வேறோர் இழையில் அவரே எழுதியிருக்கிறார். அவர் மருந்தை 22 வயதுப் பெண்ணுக்குக் கொடுக்க முடியாது.

அடிப்படைக் கணக்கு இதுதான். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, ஒரு கிராம் புரதத்தில் 4, ஒரு கிராம் கொழுப்பில் 9. எண்ணெய் என்பது முழுக்க முழுக்கக் கொழுப்பு. எனவே நம் சமையலில் ஆற்றல் அதிகம் சேரும் இடம் சோற்றுப் பானையைவிட எண்ணெய்ச் சட்டிதான். ஆனால் எண்ணெய்ச் சட்டி தினமும் அடுப்பில் ஏறுகிறதா? செட்டிநாட்டுச் சாப்பாடு என்றால் எண்ணெய் மிதக்கும் கோழி என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பது ஓட்டல்கள் செய்த புண்ணியம். வீட்டில் வார நாளில் என்ன வைக்கிறோம்? அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து மொச்சை போட்ட வெண்டைக்காய் மண்டி, ஒரு பருப்பு, ஒரு கீரை, ரசம், மோர். இதில் குறைக்க ஒன்றுமே இல்லை. கந்தரப்பமும் அதிரசமும் தேன்குழலும் விசேஷத்துக்கு வருகிறவை, விசேஷத்தோடு போகட்டும். சீர் வந்தது, தூக்கு நிறைய இருக்கிறது என்று மாதம் முழுவதும் கொறிப்பதுதான் கணக்கைக் கெடுக்கிறது.

புரதத்தைப் பொறுத்தவரை பெரும்பாலான வீடுகளில் கூட்டத்தான் வேண்டும். நல்ல உடல்நலத்தோடு இருக்கும் பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தேவை என்பது ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. 60 கிலோ எடை என்றால் ஏறக்குறைய 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. ஓர் இட்லி, வெள்ளரிக்காய், மோரை வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே போக முடியாது.

ஆலைக்கார அண்ணனுக்கு ஒரு தகவல். அந்த நிறுவனம் பிறந்ததே அரிசிப் பிரச்சினையில்தான். 1918-ல் குன்னூரில் பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய சிறிய ஆய்வுக்கூடம் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. நன்றாகத் தீட்டிய பச்சரிசியில் தயமின் என்கிற வைட்டமின் பி1 தவிட்டோடு போய்விடும்; அது குறைவதால் வருவதுதான் பெரிபெரி. நெல்லை அவித்து அரைத்தால் அதில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கித் தங்கும். புழுங்கல் அரிசிக்காரர்களை பெரிபெரி அவ்வளவாக அண்டாததற்குக் காரணம் இதுதான்.

அத்தை, உங்கள் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை, வேண்டுமென்றேதான். முதலில் நீங்கள் எனக்குச் சொல்லுங்கள். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? குளிர்கிறது என்கிறாளா? தலைசுற்றல் உண்டா? முடி கொட்டுகிறதா? எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறாளா? சாப்பிட்டவுடன் குளியலறைக்குப் போகிறாளா? எடை பார்க்கும் கருவியில் நாளைக்கு எத்தனை தடவை ஏறுகிறாள்?

கண்டனூர் அத்தை

படித்ததும் கை நடுங்கிவிட்டது. மாதவிலக்கு ஆவணிக்குப் பிறகு வரவில்லையாம். கல்யாணக் கவலை என்று அவள் அம்மா விட்டுவிட்டார். சீப்பில் கொத்தாக முடி. புரட்டாசிப் புழுக்கத்தில் வளவு முற்றத்தில் எல்லோரும் விசிறிக்கொண்டிருந்தபோது இவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குளியலறை விஷயம் எனக்குத் தெரியவில்லை. எடைக் கருவியை அவள் அறைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இன்னொன்று. அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்க்காதவள் இப்போது எந்நேரமும் சமையல் காணொளிதான் பார்க்கிறாள். வெள்ளைப் பணியாரம் ஊற்றி, வரமிளகாய்த் துவையல் அரைத்து, எல்லோர் தட்டிலும் வைத்து "இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று" என்று வற்புறுத்துகிறாள். தன் வாயில் ஒன்றும் வைப்பதில்லை.

போன வாரம் உறவில் ஒரு சாந்திக் கல்யாணம், அதாவது அறுபதாம் கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பரிமாறிய எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். பேசிக்கொண்டே சோற்றை இலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தள்ளினாள். நாங்கள் ரசத்துக்கு வருவதற்குள் இலையை மடித்துவிட்டு எழுந்தாள். மடித்த இலை படியவில்லை, நடுவில் மேடாக நின்றது. நான் மெல்லத் தூக்கிப் பார்த்தேன். வைத்ததெல்லாம் வைத்தபடி இருந்தது. ஒரு மசாலா சீயத்தின் ஓரத்தில் மட்டும் நகத்தால் கிள்ளிய அடையாளம்.

தேவகோட்டை செவிலி

அத்தை, எதைக் குறைப்பது என்ற பேச்சை இதோடு நிறுத்திவிடுங்கள். மனநலப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். நோயின் பெயரை இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது, மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் ஒன்றுகூட அழகுக்காக உணவைக் குறைக்கும் பெண்ணின் அடையாளம் இல்லை. உண்ணுதல் கோளாறு என்று சந்தேகப்பட்டு உடனே பார்க்க வேண்டிய நிலை.

அவள் ஏன் ஓயாமல் சமைக்கிறாள் என்று உங்களுக்கு வியப்பாக இருக்கும். 1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். எடையில் கால் பங்கு போனது. போனது எடை மட்டுமில்லை. உணவைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் ஆனார்கள். சமையல் புத்தகம் படித்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், ஒரு வேளைச் சாப்பாட்டை நெடுநேரம் அளைந்துகொண்டிருந்தார்கள். கோடையிலும் குளிர்ந்தது. சிடுசிடுப்பும் சோர்வும் வந்தன. அவர்கள் எல்லோரும் மனமும் உடம்பும் திடமாக இருக்கிறார்கள் என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அதாவது இந்த மாற்றங்களில் பெரும்பகுதி பட்டினியின் வேலை. இதைத் தெரிந்துகொண்டால் வீட்டில் பாதிச் சண்டை குறையும். "ஊருக்கெல்லாம் ஊட்டத் தெரிகிறது, உனக்குத் தின்னத் தெரியவில்லையா" என்று யாரும் அவளைக் கேட்க மாட்டார்கள்.

அபாயம் இதயத்தில் இருக்கிறது. நாடி மெதுவாகும், ரத்த அழுத்தம் இறங்கும், எழுந்தால் மயக்கம் வரும். வாந்தி எடுக்கும் பழக்கமோ பேதி மாத்திரை போடும் பழக்கமோ சேர்ந்துகொண்டால் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பே தடம் மாறும். மனநோய்களில் உயிரிழப்பு மிக அதிகமாக உள்ளவற்றில், எடைக்குப் பயந்து பட்டினி கிடக்கும் அனொரெக்சியா ஒன்று. ஆகவே முதலில் மருத்துவர், ரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி. மற்றதெல்லாம் பிறகு.

அதற்குள் யாராவது உருக்கத்தில் கும்மாயம் கிண்டி நெய் ஊற்றி ஊட்டிவிடப் போகிறீர்கள். வேண்டாம். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து சிறைமுகாம்களிலிருந்து விடுபட்டவர்களில் சிலர் வயிறாரச் சாப்பிட்ட பிறகுதான் இறந்தார்கள். அளவை மருத்துவர் சொல்லட்டும். உணவியலாளர் அக்கா சொன்ன அந்த தயமினைத்தான் மருத்துவமனையில் முதலில் கொடுக்கத் தொடங்குவோம்.

பள்ளத்தூர் பெரியவர்

அம்மா, நீங்கள் படித்தவர், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எங்கள் காலத்தில் இப்படி ஒரு நோயைக் கேள்விப்பட்டதில்லை. சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்த ஆச்சிகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு பொழுது சாப்பிட்டுக்கொண்டே குன்றக்குடியிலிருந்து பழனிவரை நடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பசி தாங்காமல் போனால் தானே சாப்பிடும். எல்லாவற்றையும் மருத்துவமனைக்கு இழுக்க வேண்டுமா?

தேவகோட்டை செவிலி

ஐயா, விரதத்துக்கு முடிகிற நாள் உண்டு. அன்று பாரணை செய்து, நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இந்தப் பெண்ணுக்கு அந்த நாள் வருவதே இல்லை. எடை குறையக் குறைய இலக்கும் கீழே போய்க்கொண்டே இருக்கும்.

புதிய நோயும் இல்லை. லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1873-லேயே அனொரெக்சியா நெர்வோசா என்ற பெயரை வைத்துவிட்டார். நம் ஊரில் கேள்விப்படாததற்கு ஒரு காரணம், நம் பெண்கள் "குண்டாகிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது" என்று வந்து சொல்வதில்லை. "வயிறு உப்புகிறது", "நெஞ்சைக் கரிக்கிறது", "பசியில்லை" என்பார்கள். ஹாங்காங்கிலும் இப்படித்தான் பலர் சொன்னார்கள் என்று 1990-களில் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். இங்கே வாயு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். சிலர் கோடாங்கியிடம் போய்விட்டு எங்களிடம் வருகிறார்கள்.

பலகாரத் தூக்கு

நான் மறுகரையில் இருப்பவள். பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். குண்டானவள் என்றால் சோற்றைக் கண்டால் விடமாட்டாள் என்று ஊரே முடிவு கட்டிவிடுகிறது. பகல் முழுக்க நான் பட்டினி. யாராவது பார்க்கும்போது சாப்பிட்டால் ஏதாவது சொல்வார்கள் என்று சாப்பிடுவதில்லை. இரவு வீடு அடங்கியதும் பட்டாசாலையில் இருக்கும் முறுக்குத் தூக்கைத் திறந்தால், அடி தெரிகிறவரை மூட முடிவதில்லை. ருசிக்காக இல்லை. பாதியிலேயே வயிறு வலிக்கும், அழுகை வரும், கை மட்டும் நிற்காது. மறுநாள் தண்டனையாக மறுபடியும் பட்டினி. உறவுக்காரப் பெண்மணி ஒருவர் என் முன்னாலேயே என் கணவரிடம் அனுதாபம் தெரிவித்தார். செவிலி அம்மா, என்னைப் போன்றவர்களையும் உங்கள் பிரிவில் பார்ப்பீர்களா, அல்லது வாயைக் கட்டு என்று சொல்லி அனுப்பிவிடுவீர்களா?

தேவகோட்டை செவிலி

கண்டிப்பாகப் பார்ப்போம் ஆச்சி. நீங்கள் சொல்வதற்கு மிகையுண்ணல் கோளாறு என்று பெயர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டுக் கையேட்டில் அது தனி நோயாகவே இடம்பெற்றது. சராசரியாக வாரத்துக்கு ஒரு முறையாவது, மூன்று மாதம் தொடர்ந்து இப்படி நடந்தால் அந்தக் கணக்கில் வரும். சாப்பிட்டதை வாந்தி எடுத்தோ பேதி மாத்திரையாலோ வெளியேற்றுவது இருந்தால் அது புலிமியா. அதை 1979-ல் ஜெரால்டு ரஸ்ஸல் என்ற மருத்துவர் விவரித்து எழுதினார். புலிமியா உள்ளவர்கள் பலர் நடுத்தர உடம்போடு இருப்பார்கள், வீட்டில் யாருக்கும் தெரியாது. சில நேரம் பல் மருத்துவர்தான் பல்லின் எனாமல் அரித்திருப்பதை வைத்து முதலில் கண்டுபிடிப்பார். உடம்பைப் பார்த்து இந்த நோய்களை அளக்கவே முடியாது.

உணவியலாளர், காரைக்குடி

ஆச்சி, உங்கள் பட்டினிதான் இரவில் அந்தத் தூக்கைத் திறக்கிறது. மூன்று மூன்றரை மணிக்கு ஒரு முறை, பசித்தாலும் பசிக்காவிட்டாலும், எல்லோர் கண்ணெதிரே உட்கார்ந்து சாப்பிடுங்கள். காலை இட்லியைத் தவறவிடாதீர்கள். எடை குறைப்பதைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். மிகையுண்ணலுக்கு மனநலப் பிரிவில் பேச்சுச் சிகிச்சை இருக்கிறது, நல்ல பலன் கொடுக்கிறது. அந்த உறவுக்காரப் பெண்மணிக்கு என்னிடம் மருந்து இல்லை.

கணக்கு வாத்தியார்

பி.எம்.ஐ. என்கிற உடல் நிறை குறியீட்டைப் போட்டுப் பார்த்தால் இதெல்லாம் தெரிந்துவிடாதா? எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதானே.

உணவியலாளர், காரைக்குடி

வகுத்தால் ஓர் எண் வரும், வாத்தியாரையா. 18.5-க்குக் கீழே போனால் எடை போதாது. உலக அளவில் 25-ஐத் தாண்டினால் அதிக எடை, ஆனால் நம்மவர்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும் வாகு இருப்பதால் இந்தியாவில் 23-லேயே அதிக எடை, 25-ல் உடல்பருமன் என்று மருத்துவர்கள் எல்லையை இறக்கியிருக்கிறார்கள். இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80-ம் தாண்டக் கூடாது. இந்தச் சூத்திரத்தை 19-ஆம் நூற்றாண்டில் போட்டவர் அடோல்ஃப் கெட்லே என்ற பெல்ஜியக் கணிதர். மக்கள் தொகையின் சராசரியைப் பார்க்கத்தான் போட்டார். 1972-ல் அதற்கு இன்றைய பெயரை வைத்தவர்களில் ஒருவர், செவிலி சொன்ன அதே ஆன்செல் கீஸ். 2025 ஜனவரியில் லான்செட் இதழின் நிபுணர் குழுவும் பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து ஒருவருக்கு உடல்பருமன் நோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அத்தையின் மருமகளை எடுத்துக்கொள்ளுங்கள். எண் 18.5-க்கு மேலேயே நின்றாலும், இவ்வளவு வேகமாக இறங்கியதும் மாதவிலக்கு நின்றதும் போதும் கவலைப்பட.

கண்டனூர் அத்தை

இரண்டு நாளாக எழுத முடியவில்லை. மருத்துவரிடம் அழைத்துப் போனோம். நாடி ரொம்ப மெதுவாக இருக்கிறது என்று சொல்லி இரண்டு நாள் சேர்த்துக்கொண்டார்கள். பொட்டாசியம் குறைவு. உணவுத் திட்டம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வாரம் ஒரு முறை மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவள் முதலில் வரமாட்டேன் என்றாள். எடையைப் பற்றிப் பேசாமல், "நீ மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவதைப் பார்த்தேன், பயமாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னேன். கிளம்பிவிட்டாள்.

இப்போது கல்யாணம்தான் சிக்கல். ரவிக்கை அளவெல்லாம் கொடுத்தாகிவிட்டது. அண்ணன் தள்ளிப்போட வேண்டும் என்கிறார். அப்பத்தா, ஊர் என்ன சொல்லும் என்கிறார்கள்.

புதுவயல் ஆலைக்காரன்

ரவிக்கையைப் பிரித்துத் தைக்கலாம் அத்தை. அத்தனை பவுன் கழுத்திருத் தாலியைத் தாங்கக் கழுத்தில் வலு வேண்டாமா? தள்ளிப்போடுங்கள். சம்பந்தி வீட்டில் காரணத்தைச் சொல்லத் தயங்காதீர்கள். கேட்டுவிட்டு முகம் சுளிக்கிற வீடென்றால் அதுவும் இப்போதே தெரிவது நல்லது.

தேவகோட்டை செவிலி

கல்யாணத் தேதியை அவளும் மருத்துவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும். நீங்கள் வீட்டுப் பக்கத்தைப் பாருங்கள். எடைக் கருவியை அறையிலிருந்து எடுத்துவிட வேண்டும். எடையை மருத்துவமனையில் பார்த்தால் போதும். சாப்பிடும்போது ஒருவர் கூட உட்கார வேண்டும், முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் பேச்சுத்துணைக்கு இருக்க வேண்டும். தட்டைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் பேசக் கூடாது. இந்தச் சிகிச்சை முறையை லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் பதின்வயதினருக்காக வகுத்தார்கள், சாப்பாட்டுப் பொறுப்பைப் பெற்றோரே ஏற்றுக்கொள்வார்கள். உங்கள் மருமகள் வயது வந்தவள், அவள் சம்மதத்தோடுதான் செய்ய வேண்டும்.

அப்பத்தாவிடம் தனியாகச் சொல்லுங்கள். "இப்போது சதை பிடித்திருக்கிறது, நன்றாக இருக்கிறாய்" என்று அன்பாகச் சொன்னாலும் இந்த நேரத்தில் அவளுக்கு அது குத்தும். உடம்பைப் பற்றி நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம்.

இழையைப் படிக்கும் மற்றவர்களுக்கு: சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

குறைமாவு வீரன்

ஒன்று கேட்க வேண்டும். என் மகன் பிளஸ் டூ. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறான். அவித்த கோழியும் முட்டை வெள்ளையும் தவிர எதையும் தொடுவதில்லை. டப்பா டப்பாவாகப் புரதப் பொடி. பிள்ளையார்பட்டிக்குப் போனபோது மோதகத்தைக் கையில் வாங்கி, என்னிடம் கொடுத்துவிட்டான். உறவுக்காரர்கள் வீட்டுக்கு வருவதில்லை, அங்கே என்ன போடுவார்களோ என்கிறான். ஒழுக்கமான பையன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இதுவும் அந்த வகைதானா?

உணவியலாளர், காரைக்குடி

இருக்கலாம் தம்பி. பையன்களிடம் இதை யாரும் தேடுவதே இல்லை. சுத்தமான உணவு மட்டும் என்ற பிடிவாதம் வாழ்க்கையைச் சுருக்கினால் அதற்கு ஆர்த்தோரெக்சியா என்கிறார்கள். 1997-ல் ஸ்டீவன் பிராட்மேன் என்ற மருத்துவர் வைத்த பெயர், நோய்ப் பட்டியலில் இன்னும் சேரவில்லை. தன் உடம்பில் தசை போதவில்லை என்றே எப்போதும் தோன்றுவது இன்னொரு கோளாறு, அது பட்டியலில் இருக்கிறது. பயிற்சிக்குப் போக முடியாத நாளில் அவன் எப்படி இருக்கிறான் என்று கவனியுங்கள். கோழியும் முட்டையும் சாப்பிடுகிறவனுக்குப் பொடி தேவையே இல்லை. ஆனால் அதைப் பிடுங்கி எறியாதீர்கள், மருத்துவரைப் பார்த்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

தேவகோட்டை செவிலி

தம்பி, பதினாறு மணி நேரக் கணக்கையும் மாவுச்சத்துப் பேச்சையும் வீட்டில் நிறுத்திவிட்டு, காலையில் அவனோடு உட்கார்ந்து நீங்களும் இட்லி சாப்பிடுங்கள். அவனை அழைத்து வருவதற்கு முன் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், புறநோயாளிகள் நேரத்தைச் சொல்கிறேன்.